ஆள் இல்லாதபோது கத்துகிறது, ஆள் இருக்கும்போது கத்தவில்லை: டெல்டா சாலைகளில் பாதசாரி எச்சரிக்கை அமைப்பின் பழுது நீக்கம்

மன்னார்குடியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது, ஏசி குளிரவில்லை என்று வருகிறவர்கள் நடுவே, சில ஆண்டுகளாக வேறொரு புகாரோடும் ஆட்கள் வருகிறார்கள். "சாலையில் ஒருவருமே இல்லை, வண்டி கத்துகிறது" என்பார் ஒருவர். "பையன் ஒருவன் குறுக்கே ஓடினான், வண்டி வாயே திறக்கவில்லை" என்பார் இன்னொருவர். இருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். அந்த நேரத்தில் உங்கள் வலது கால் எதன் மேல் இருந்தது? ஆக்சிலரேட்டரா, பிரேக்கா?

பெரும்பாலோருக்கு நினைவிருக்காது. நான் பார்த்தவரையில் பழுதில் பாதி அங்கேதான் இருக்கிறது. மீதிப் பாதி கண்ணாடியிலும் பம்பரிலும் இருக்கிறது. ஆகவே கீழே எழுதியிருக்கும் ஒவ்வோர் அறிகுறிக்கும் வண்டியைப் பார்ப்பதோடு ஓட்டுகிறவரையும் பார்த்திருக்கிறேன்.

அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்கண்ணாடியின் மேல்பகுதியில், உட்புற ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கேமரா இருக்கிறது. பல வண்டிகளில் முன் பம்பரிலோ கிரில்லிலோ ஒரு ரேடாரும் இருக்கும். கேமரா உருவத்தைப் பார்த்து "இது மனிதர்" என்று முடிவு செய்கிறது. ரேடார் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளக்கிறது. மோதுவதற்குச் சில விநாடிகளே இருக்கின்றன என்று கணக்கு வந்தால் ஒலி, பிறகு பிரேக். எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை பாதசாரிக்காகப் பிரேக் போடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். 100 கி.மீ. வேகத்திலும் வண்டி தானே நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஆள் இருந்தார், ஒலி வரவில்லை

இதுதான் ஆபத்தான அறிகுறி. முதலில் கண்ணாடியைப் பாருங்கள். வண்டிக்கு வெளியே நின்று, கேமராவுக்கு நேர் எதிரே உள்ள உள்ளங்கை அளவு இடத்தைப் பாருங்கள்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இந்த இடத்தைத்தான் முதலில் துடைக்கிறேன். சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் முன்கண்ணாடியின் நடு உச்சியில் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருப்பார்கள். கேமராவின் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. சந்தனம் காய்ந்து வெடித்து ஒரு மெல்லிய திரையாக நிற்கும். நமக்கு அது பொட்டு, கேமராவுக்கு அது கண்புரை. போன ஆண்டு ஒரு வண்டியில் கிரில்லின் நடுச்சின்னத்தின் மேலும் ஒரு பொட்டு இருந்தது. அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் ரேடார். மேலே மாவிலையும் சாமந்தி மாலையும் சேர்த்து இறுகக் கட்டியிருந்தார்கள். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் பட்டறையிலேயே ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைக்கிறேன். பொட்டைப் பானெட்டில் வையுங்கள், சக்கரத்தில் வையுங்கள். மாலையைப் பூஜை முடிந்ததும் அவிழ்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

சந்தனம் இல்லையென்றால் ஸ்டிக்கர். அதுவும் இல்லையென்றால் அறுவடைத் தூசி. குறுவை அறுக்கும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா அறுக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் அறுவடை இயந்திரத்தின் பின்னால் பத்து நிமிடம் போனாலே கண்ணாடியில் உமித்தூசி படிந்துவிடும். வைப்பர் எட்டாத மூலையில் கேமரா இருக்கும் வண்டிகளில் கையால் துடைப்பது தவிர வேறு வழியில்லை.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு தொல்லை ஈரக்காற்று. இரவில் ஏசியை அதிகக் குளிரில் வைத்து ஓட்டினால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வேர்க்கும். உள்ளே துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "போகவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். வைப்பரை ஒருமுறை போட்டு, குளிரைக் கொஞ்சம் குறையுங்கள். மார்கழிப் பனி வேறு கதை. அங்கே கேமராவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, வேகத்தைக் குறைப்பது மட்டுமே வழி.

அடுத்து, முன்கண்ணாடியை அண்மையில் மாற்றினீர்களா? கல் தெறித்து உடைந்த கண்ணாடியை வெளியே எங்கோ மாற்றிக்கொண்டு வந்த வண்டி ஒன்றில் கேமராவைப் பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தார்கள், அளவுத்திருத்தம் செய்யவில்லை, அதாவது கேமரா சரியான கோணத்தில் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்யவில்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி விலகினால் 50 மீட்டர் தூரத்தில் அது 87 சென்டிமீட்டர் விலகல். ஓர் ஆளின் தோள் அகலத்தைவிட அதிகம். சாலையின் நடுவில் நடப்பவரை ஓரத்தில் நடப்பவராக வண்டி நினைத்துக்கொள்ளும், அல்லது வரப்பில் நிற்பவரைச் சாலையில் நிற்பவராக. கண்ணாடி மாற்றினாலும், முன்பக்கம் இடி வாங்கினாலும், சஸ்பென்ஷனின் உயரத்தை மாற்றினாலும், அளவுத்திருத்தம் செய்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். ரேடாரின் முன் இரும்பு நின்றால் அது பார்ப்பது அந்த இரும்பைத்தான். அதைவிட முக்கியமானது, அந்தக் கம்பி மோதினால் நடப்பவரின் எலும்பு நொறுங்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

டிக்கியில் நான்கு நெல் மூட்டை ஏற்றினீர்களா என்றும் கேட்பேன். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும். கேமராவின் பார்வை மேலே போகும், ஹெட்லைட்டும் மேலே போகும். ஓரளவுக்கு மென்பொருள் ஈடுகட்டும். எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைப்பதை எந்த மென்பொருளும் ஈடுகட்டாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லையா? அப்படியானால் வண்டியில் பழுது இல்லாமலும் இருக்கலாம். அதை ஒருநாள் நேரில் பார்த்தேன்.

அளவுத்திருத்தம் முடித்த ஒரு வண்டியை, நீடாமங்கலம் மூணாறு தலைப்புப் பக்கத்தில் கோரையாற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறரை மணி, 35 கி.மீ. வேகம். முன்னால் போன மோட்டார் சைக்கிளைத் திரையில் சின்னப் படமாக வண்டி காட்டியது. அது வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகு சாலையில் ஒன்றுமில்லை என்றது திரை. எனக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கரையோரத்துப் புதர் ஒன்று சாலைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பிறகு அந்தப் புதருக்குக் கீழே இரண்டு வெளிறிய துண்டுகள் மாறி மாறித் தோன்றி மறைந்தன. இடது, வலது, இடது, வலது. உள்ளங்கால்கள். தலையில் இருந்த புல்லுக்கட்டு தோள் வரை தொங்கி, தலையையும் கையையும் மறைத்திருந்தது. சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார் அந்தப் பாட்டி. வண்டியை நிறுத்தினேன். கேமரா கடைசி வரை வாய் திறக்கவில்லை.

கேமராவைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவில் கார்களை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2016-லிருந்து பாதசாரிக்காகப் பிரேக் போடுவதைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் வரும் பொம்மைகள் நிமிர்ந்து நடக்கின்றன, தலை தோளுக்கு மேல் தெரிகிறது, கால்கள் ஆடுகின்றன. புல்லுக்கட்டு சுமப்பவர், நாற்றுமுடியைத் தலையில் வைத்திருப்பவர், சாலையில் காயும் நெல்லைக் குனிந்து காலால் கிளறிவிடுபவர், மதகுச் சுவரில் உட்கார்ந்து சாலைப் பக்கம் காலை நீட்டியிருப்பவர், குடைக்குள் மூன்று பிள்ளைகள் என்று நம் சாலையில் மனித உருவம் நூறு விதமாக மாறுகிறது. இவற்றில் எதை இயந்திரம் மனிதர் என்று சொல்லும், எதைச் சொல்லாது என்று முன்கூட்டி நம்ப முடியாது.

இருட்டில் இன்னும் மோசம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் நடத்திய சோதனையில், 32 கி.மீ. வேகத்தில் போகும் காரின் முன் குழந்தை பொம்மை ஓடிவந்தபோது 100-க்கு 89 முறை மோதல் நடந்தது. இரவில் அமைப்பு பயன்படவில்லை என்றே அந்த அறிக்கை சொன்னது. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022-ல் உண்மையான விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. பாதசாரிக்காகத் தானே பிரேக் போடும் கார்களில் பாதசாரி விபத்து 27 சதவீதம் குறைவு, ஆனால் விளக்கில்லாத இருட்டுச் சாலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதன் பிறகு வந்த கார்கள் தேறியிருக்கின்றன. ஆனாலும் கோரையாற்றங்கரை விளக்கில்லாத இருட்டுச் சாலைதான். 27 சதவீதம் சின்ன எண்ணும் இல்லை, அதனால்தான் இந்த அமைப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அறிகுறி: ஒலி வந்தது, ஆனால் தாமதமாக வந்தது

இந்தப் புகாரில் நான் வண்டியைத் தொடுவதற்கு முன் தாளும் பேனாவும் எடுப்பேன்.

60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். மோதலுக்கு 2 விநாடி முன்னால் ஒலி வருகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அப்போது மீதி இருப்பது 33 மீட்டர். ஒலி காதில் விழுந்து, என்னவென்று புரிந்து, கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால் 25 மீட்டர் அதிலேயே கரைந்துவிடும். மிச்சம் 8 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு அழுத்தி நிறுத்த 20 மீட்டர் வேண்டும். ஆக, நீங்கள் அடிக்கும்போது வண்டியின் வேகம் 45 கி.மீ.-க்கு மேல்.

அதே ஆள், அதே ஒலி, 40 கி.மீ. வேகம். கால் ஏற்கெனவே பிரேக் மேல் தயாராக இருக்கிறது, மனமும் "இங்கே ஆள் வரலாம்" என்று எதிர்பார்க்கிறது, அதனால் பிரேக் அழுத்த முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம்தான் ஆகும். 2 விநாடியில் மீதி 22 மீட்டர். அந்த முக்கால் விநாடியில் போகும் தூரத்தையும் சேர்த்து, நிற்கத் தேவை 18 மீட்டர். நின்றுவிட்டீர்கள்.

இதில் ஒலி ஒரு விநாடிகூட முன்னதாக வரவில்லை. மாறியது வேகமும் காலும்தான். தானியங்கி பிரேக் நடுவில் உதவிக்கு வரும், ஆனால் அதற்கும் இதே தார், இதே டயர், இதே தூரம்தான். சாலையில் நெல் பரப்பியிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. நெல்மணிகள் டயருக்கு அடியில் உருளும். அதன் மேல் பிரேக் அழுத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் குறைந்தால் என்ன கிடைக்கிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது: 50 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் வயதுவந்த பாதசாரி இறக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குக் குறைவு, 80-ல் மோதினால் ஏறக்குறைய 60 சதவீதம்.

அமைப்பின் மெனுவில் எச்சரிக்கை நேரத்துக்கு "முன்னதாக, நடுத்தரம், தாமதமாக" என்று மூன்று நிலை இருந்தால், நம் ஊருக்கு "முன்னதாக" என்பதையே வையுங்கள். அடிக்கடி கத்தும். கத்தட்டும்.

அறிகுறி: ஆள் இல்லாத இடத்தில் கத்துகிறது

எங்கே கத்தியது என்று இடத்தைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஆற்றங்கரைச் சாலை வளைந்து வளைந்து போகும். இடது வளைவில் வண்டியின் மூக்கு ஒரு கணம் வலது ஓரத்தை நோக்கியிருக்கும். அங்கே நிற்பவர் கேமராவுக்கு நேர் எதிரில் நிற்பவர்தான். வளைவு முடிந்ததும் அவர் பக்கவாட்டில் போய்விடுவார், உங்களுக்கு "ஆளே இல்லையே" என்று தோன்றும். இது பழுதில்லை.

காதணி விழாவுக்கும் திருமணத்துக்கும் சாலை ஓரத்தில் நிற்கும் ஆளுயரப் படத்தட்டிகளும் கேமராவை ஏமாற்றலாம். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல், சாலையில் விளக்கொளியால் வீசிய மனித உருவத்தைக்கூடக் கார் மனிதராக எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள்.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. காலையில் நாகைக்குப் போனாலும் மாலையில் தஞ்சைக்குத் திரும்பினாலும் சூரியன் கண்ணுக்கு நேரே. அந்த நேரங்களில் "கேமரா தற்காலிகமாக இயங்கவில்லை" என்று டேஷ்போர்டுப் பலகையில் எழுத்து வந்தால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம். கேமராவுக்குக் கண் கூசும் இடத்தில் உங்களுக்கும் கூசுகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்து மெதுவாகப் போங்கள்.

வெயில் இல்லாத நேரத்தில், நேரான சாலையில், கண்ணாடி சுத்தமாக இருந்தும் ஒரே வாரத்தில் பலமுறை கத்தினால் அது அளவுத்திருத்தக் கோளாறு. கொண்டுவாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், அமைப்பை அணைக்காதீர்கள். புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திய பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். பத்து முறை வீணாகக் கத்தியதால் பதினோராவது முறை கால் அசையாமல் இருந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். ஒலி கேட்டதும் முதலில் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழ வேண்டும், ஏன் கத்தியது என்ற யோசனை பிறகு வரட்டும். காலைத் தூக்குவதால் இழப்பது ஒன்றுமில்லை.

அறிகுறி: "திடீரென்று வந்துவிட்டார்"

வண்டியில் எந்தக் குறையும் இல்லாதபோது கேட்கும் வார்த்தை இது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பொய்யாகச் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே திடீரென்றுதான் தெரிந்திருக்கிறது. நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வருகிறார். அந்த வேகத்தில் எவரும் திடீரென்று வர முடியாது. அவர் முன்பே அங்கே இருந்தார், நம் கண் பிறகுதான் அவரிடம் போயிருக்கிறது. ஏன் என்று தேடிப் பாருங்கள்.

எதிர்பார்ப்பு முதல் காரணம். நம் கண் தேடுவதைத்தான் முதலில் பார்க்கும். எதிரே வரும் பஸ்ஸையும் மணல் லாரியையும் தேடிப் பழகிய கண், நமக்கு ஆபத்து தராத ஒரு மனிதரைக் கடந்துபோய்விடுகிறது. காலை ஐந்தரைக்கு நடவுக்குப் போகும் பெண்கள் வரிசையாகச் சாலை ஓரம் நடப்பார்கள் என்று தெரிந்தவர் அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார். சென்னையிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர் பார்ப்பதில்லை. இருவரின் கண்ணும் ஒன்றுதான்.

அடுத்தது வேகப் பழக்கம். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் 36-ஆம் எண் நெடுஞ்சாலையில் நான்கு வழிப் பகுதியில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஊர்ச்சாலைக்குள் திரும்புங்கள். 60 கி.மீ. உங்களுக்கு நடப்பது போல இருக்கும். உடம்பு பொய் சொல்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய முதல் பத்து நிமிடம் வேகமானியைப் பார்த்தே ஓட்டுங்கள்.

பிறகு முன்தூண். கண்ணாடியைத் தாங்கும் அந்தத் தூண் இப்போதைய கார்களில் தடியாக இருக்கிறது. சாலை சந்திப்பை நோக்கி நீங்கள் போகும்போது பக்கவாட்டிலிருந்து ஒருவர் அதே சந்திப்பை நோக்கி வந்தால், அவர் தூணுக்குப் பின்னால் தொடர்ந்து மறைந்தே வர முடியும். இருக்கையில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்காமல், சந்திப்புக்கு முன் ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்னால் போங்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் வெளியே வந்துவிடுவார்.

பாலங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். திருவையாறு என்ற பேரே அதனால்தான் என்பார்கள். மேடாக எழும் பாலத்தில் ஏறும்போது ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், கேமராவும் வானத்தைப் பார்க்கும். இறக்கத்தில் யார் நடக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. மாலையில் காற்று வாங்கப் பாலத்தில் நிற்பவர்கள் உண்டு. உச்சியைத் தொடும்போது கால் பிரேக் மேல் இருக்கட்டும்.

கடைசியாக, எதிர்வெளிச்சம். மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கையில், ஒரு நாளில் அதிக விபத்து நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை. அந்த ஆண்டு நாடு முழுவதும் விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு. எதிரே ஒருவர் பிரைட்டில் வந்து கடந்த பிறகு சில விநாடிகள் நாம் அரைக்குருடர்கள். அந்தச் சில விநாடிகளில்தான் அவருடைய வண்டிக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் நமக்கு முன்னால் இருக்கிறார். எதிர்வண்டி வரும்போது அதன் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாத சாலையில் தார் முடிகிற விளிம்பைப் பாருங்கள். நீங்களும் டிம் செய்யுங்கள். டிம்மில் கறுப்புத் துணி அணிந்தவர் 30 மீட்டரிலும் தெரியாமல் போகலாம் என்பதால், டிம்முக்கு மாறினால் வேகத்தையும் கூடவே குறைக்க வேண்டும்.

அந்தப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். "வெளிச்சம்தான் என் மேல் விழுந்ததே தம்பி, பார்த்திருப்பாய் என்றுதானே நடந்தேன்." தன் மேல் வெளிச்சம் விழுந்தால் ஓட்டுநருக்குத் தன்னைத் தெரியும் என்று நடப்பவர்கள் நம்புகிறார்கள். இருட்டில் நடப்பவர்கள் தாங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிகிறோம் என்பதை உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அவர் நம்மை நம்பி விலகாமல் நடக்கிறார், நாம் ஒலியை நம்பிக் காலை எடுக்காமல் போகிறோம்.

அறிகுறி: பாதயாத்திரை நேரத்தில் ஓயாமல் கத்துகிறது

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை. அதற்குச் சில நாள் முன்பிருந்தே காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், இரவிலும் நடக்கிறார்கள். சிறிய சப்பரத்தைத் தள்ளிக்கொண்டும் வருவார்கள். இந்த நாட்களில் ஒலி ஓயாது. அமைப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. 20, 30 கி.மீ.-க்குக் குறைத்தால் ஒலியும் குறையும்.

நடப்பவர்களின் பையிலும் முதுகிலும் ஒட்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிப்பட்டை நல்லது. மனிதக் கண்ணுக்கு மிக நல்லது. முதுகில் ஒன்று ஒட்டுவதைவிட, ஆடுகிற கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டினால், அது மனித நடை என்று ஓட்டுநர் உடனே அறிந்துகொள்கிறார். உள்ளங்கால் எனக்குச் சொன்னதும் அதுதான். ஆனால் கேமராவுக்கும் அது உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். நான் மேலே சொன்ன காப்பீட்டு நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில், மூன்று கார்களில் இரண்டு, ஒளிப்பட்டை அணிந்த பொம்மையைப் பார்த்துக் குழம்பி மோதின. பட்டை மின்னுவது தெரிந்தால் நிறுத்த வேண்டியது நீங்கள்.

அறிகுறி: பிரேக் தானே விழுந்ததும் வண்டி இழுத்துக்கொண்டு போனது

அநேகமாக நீங்கள்தான் திருப்பியிருப்பீர்கள். ஒலியால் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடிப்பதும், பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் நடக்கிறது. பல வண்டிகளில் இவை இரண்டுமே "ஓட்டுநர் பார்த்துக்கொள்கிறார்" என்று பொருள்பட்டு, தானியங்கி பிரேக்கை விலக்கிவிடும். நம் கரைச்சாலைகளில் ஒதுங்க இடமும் கிடையாது. இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் எதிரே வரும் பஸ். நேராகப் பிடித்து, பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். வெறும் மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் நான்கைந்து முறை இப்படி நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். கால் அந்த அழுத்தத்தை ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: மின்கார் வருவதை நடப்பவர் கவனிக்கவில்லை

மெதுவாக வரும் மின்காரில் டயர் சத்தமும் இல்லை. 20 கி.மீ.-க்குக் கீழே செயற்கை ஒலி எழுப்பும் வசதி சில மாதிரிகளில் உண்டு. அதை அணைத்து வைத்திருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாத வண்டியில், முதுகு காட்டி நடப்பவருக்குத் தூரத்திலிருந்தே ஒருமுறை மென்மையாக ஹாரன் அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் அவர் பயந்து எந்தப் பக்கம் தாவுவார் என்று சொல்ல முடியாது.

பட்டறைக்கு வருவதானால்

"கத்தியது, கத்தவில்லை" என்று மட்டும் சொன்னால் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த ஊர்ச்சாலை, எந்தத் திசை, மணி என்ன, வேகம் என்ன, மழையா வெயிலா, விளக்கு டிம்மா பிரைட்டா, வண்டியில் எத்தனை பேர், டிக்கியில் என்ன சுமை, ஆள் நின்றாரா நடந்தாரா குனிந்திருந்தாரா, தலையில் சுமை இருந்ததா, பலகையில் என்ன எழுத்து வந்தது, கால் எதன் மேல் இருந்தது. டேஷ்போர்டில் கேமரா பொருத்தியிருந்தால் அந்தப் பதிவையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள். சந்தனம் இருந்தால் துடைத்துவிட்டு வராதீர்கள், நான் அதைப் பார்க்க வேண்டும். இருட்டில் வந்த புகாராக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். நானும் கூட உட்கார்ந்து கோரையாற்றங்கரையில் ஓட்டிப் பார்க்கிறேன். பகலில் இந்தப் பழுது தெரியாது.